கைமாத்தி விடுற இடத்துலதான் கோட்டை விடுறோம்

1/ இன்னைக்கு த்ரெட் சுகர், பிபி பத்தி இல்ல. கம்ப்யூட்டர் கணக்கு பத்தி. நான் வெறும் எம்பிபிஎஸ், சாஃப்ட்வேர் ஆளு கிடையாது. ஆனா விஷயம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கு, பொறுமையா படிங்க.

2/ 2021, கொரோனா ரெண்டாவது அலை. டெஸ்ட் எடுத்த ஒவ்வொருத்தருக்கும் எஸ்ஆர்எஃப் ஐடினு 13 இலக்க நம்பர் தந்தாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க வார்டு லிஸ்ட் சிஎஸ்வி ஃபைலா வந்துச்சு. யாரோ எக்செல்ல திறந்து, ஒரு பேரைத் திருத்தி சேவ் பண்ணிட்டாங்க. மறுபடி திறந்தா நம்பர்ல முதல் ஆறு இலக்கம் மட்டும் மிச்சம், பின்னாடி எல்லாம் பூஜ்யம். பாதி வார்டுக்கு ஒரே நம்பர். ஒரே பேர்ல மூணு பேர் வேற. அன்னைக்கு ராத்திரி பிபிஇ கிட்டைப் போட்டுக்கிட்டு பெட் பெட்டா போய் அப்பா பேரு, வயசு கேட்டு சரிபார்த்தோம்.

3/ சேவ் பண்ணினவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. ஐடியை யாராவது கூட்டிக் கழிக்கப் போறோமா? அது பேரு மாதிரி. அதை எண்ணா எடுத்துக்கிட்டதுதான் தப்பு.

4/ அங்கயாவது கண்ணுக்குத் தெரிஞ்சது. ஆராய்ச்சி சாஃப்ட்வேர்ல தெரியவே தெரியாது. மேல பைத்தான்ல எழுதுவாங்க, கனமான கணக்கை உள்ள சி மொழி புரோகிராம் போடும். நடுவுல ஒரு பாலம், பேரு பைண்டிங். பைத்தான் தசம எண்ணை 64 பிட்ல வைக்கும், 15 இலக்கம் நம்பலாம். பாலத்துல 'டபுள்'னு எழுத வேண்டிய இடத்துல 'ஃப்ளோட்'னு எழுதிட்டா 32 பிட். சுமார் ஏழு இலக்கத்தோட சரி. எரர் எதுவும் வராது.

5/ கிரியேட்டினின் 1.2-க்கு ஏழு இலக்கம் தாராளம். ஸ்கேன் படத்துக்கும் பெரும்பாலும் போதும், மெமரியும் மிச்சம். அதுல எனக்கு சண்டை இல்ல. நேரத்தை எடுத்துக்கோங்க. நிறைய சிஸ்டம் 1970 ஜனவரி 1-ல இருந்து நொடியை எண்ணுது. இப்போ 170 கோடியைத் தாண்டியாச்சு. அவ்வளவு பெரிய எண்ணை 32 பிட் ஃப்ளோட்ல போட்டா, கடிகாரம் 128 நொடிக்கு ஒரு தடவைதான் நகரும்.

6/ ரெண்டு நிமிஷத்துக்கும் மேல! சிபிஆர்ல நாங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மானிட்டரைப் பாக்குறோம். அந்தப் பதிவு இப்படி ஒரு பாலம் வழியா போனா, ஷாக் முதல்லயா அட்ரினலின் முதல்லயானு எதை வச்சு சொல்வீங்க? கிராஃப் மட்டும் அழகா வரும்.

7/ டூட்டி மாறுறப்போ "12-ம் பெட்டுக்கு பொட்டாசியம் பாக்கணும்"னு சொல்லாம போனா என்ன ஆகும்? ரெண்டு டாக்டரும் கெட்டிக்காரங்கதான். நோயாளிக்கு அதனால என்ன லாபம்?

8/ லேப்ல கன்ட்ரோல் ஓட்டாம யார் சாம்பிளும் போட மாட்டோம். ஏஐ, சாஃப்ட்வேர்னு ஆஸ்பத்திரிக்கு விக்க வர்றவங்ககிட்டயும் அதையே கேக்கணும். 1,67,77,217-ஐ உள்ள அனுப்புங்க. 1,67,77,216 திரும்பி வந்தா, நடுவுல எங்கயோ 32 பிட் ஃப்ளோட் உக்காந்திருக்குனு சந்தேகப்படுங்க. இலக்கம் தொலையப் போகுதுன்னா சாஃப்ட்வேர் நின்னு கத்தணும். இதை டெண்டர்லயே எழுதணும்ங்கிறது என் கருத்து. செலவு? அஞ்சு நிமிஷம்.

9/ ஐடி தம்பி தங்கச்சிங்க, தப்பு இருந்தா திருத்துங்க. காலையில ஓபி இருக்கு, பதில் சாயங்காலம்தான்.