படுக்கையில் சைக்கிள் மிதிக்கும் நோயாளிகள்!

ஒரு கையில் இரண்டு ஊசிகள். இரத்தம் குழாய் வழியே எந்திரத்துக்குப் போகிறது, சுத்தமாகித் திரும்புகிறது. நோயாளி படுத்தபடியே சைக்கிள் மிதிக்கிறார்!

வேடிக்கை அல்ல, வைத்தியம்தான். ஜெர்மனி நாட்டில் 21 டயாலிசிஸ் நிலையங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். சுமார் 1,200 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு டயாலிசிஸ் நடக்கும்போதே தேகப்பயிற்சி. சிறிது நேரம் சைக்கிள். சிறிது நேரம் ரப்பர் பட்டையை இழுப்பது, சிறு எடையைத் தூக்குவது. முடிவு 2023-ல் வெளிவந்தது.

ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியில் உட்கார்ந்து எழ முடிகிறது? இதுதான் சோதனை. தொடக்கத்தில் இரு பிரிவினரும் சராசரியாக 16 முறை எழுந்தார்கள். ஓர் ஆண்டு கழித்து, பயிற்சி செய்தவர்கள் 19 முறை எழுந்தார்கள். செய்யாதவர்கள் 15 முறைகூட எழவில்லை!

அந்த இரண்டாவது கணக்கைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சும்மா இருந்தவர்கள் இருந்த இடத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கிவிட்டார்கள்.

ஏன் இந்தக் களைப்பு?

நல்ல சிறுநீரகம் இரவும் பகலும் வேலை செய்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். எந்திரமோ பெரும்பாலும் வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம். ஆக 12 மணி நேரம். மற்ற நேரமெல்லாம் கழிவும் நீரும் உடம்பிலேயே சேருகின்றன. பிறகு நான்கே மணி நேரத்தில் அத்தனையையும் இழுத்து வெளியேற்ற வேண்டும். உடம்பு துவளாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஒரு சுரப்பைச் சிறுநீரகம்தான் தருகிறது. அது குறைந்தால் இரத்தசோகை வருகிறது. அதற்கு ஊசி மருந்து இருக்கிறது.

இது தெரியாததால்தான் பல வீடுகளில் தகராறு. "எப்போது பார்த்தாலும் படுக்கையா?" என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். வேறு சில வீடுகளில், "நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முதலாவது மனத்தை நோகச் செய்யும். இரண்டாவது காலை வலுவிழக்கச் செய்யும். இரண்டாவதைச் செய்கிறவர்கள் அன்பினால் செய்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இரவில் தூக்கம் இல்லை

பகலில் எந்திரத்தின் பக்கத்தில் தூங்கிவிடுகிறார்கள். இரவில் விழித்துக் கிடக்கிறார்கள். படுத்தால் கால் குடைகிறது. அசைத்தால்தான் சுகம். இது பிரமை அல்ல. டயாலிசிஸ் செய்கிறவர்கள் பலருக்கு வருகிற தொல்லை. இரும்புச் சத்துக் குறைந்தாலும் இது கூடும். சிலருக்கு உடம்பு அரிப்பு. சிலருக்குக் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். இப்படிப்பட்டவர்கள் மருந்துக் கடையில் தாங்களே தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. எது காரணம் என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தேகப்பயிற்சி செய்தால் கால் குடைச்சல் தணிவதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் சைக்கிள் மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசிக்கும் மாத்திரைக்கும் அது மாற்று அல்ல.

நம் நாட்டில் என்ன செய்யலாம்?

2016-ல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இலவச டயாலிசிஸ். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் திரவப் பைகள் வாசலுக்கே வருகின்றன. இவை பெரிய காரியங்கள்.

அடுத்த காரியம் இந்தப் பயிற்சியாக இருக்கட்டும். படுக்கையே போதவில்லை, இதில் சைக்கிள் வேறா என்று கேட்கலாம். பயிற்சிக்குத் தனிப் படுக்கை வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். ஒரு நோயாளி ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் எந்திரத்தின் அருகே கிடக்கிறாரே! எந்திரத்தின் விலைக்கு முன்னால் மிதிக்கும் கருவியின் விலை அற்பம். பயிற்சி சொல்லித் தரும் ஆளுக்குத்தான் சம்பளம் வேண்டும். அதைக் கொடுப்பது வீண்செலவு ஆகாது. ஜெர்மனியில், பயிற்சி செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் குறைவாகவே இருந்தன.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இத்தாலியில் நோயாளிகளை வீட்டிலேயே நடக்கச் சொன்னார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை. அவ்வளவுதான். ஆறு நிமிடத்தில் 328 மீட்டர் நடந்தவர்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு 367 மீட்டர் நடந்தார்கள். இது 2017-ல் வெளிவந்தது.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இருதயக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றும்போது நடக்க வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள். வீட்டில் ஒருவர் கூடவே நடப்பது நல்லது. ஊசி குத்தியிருக்கும்போது அந்தக் கைக்கு எந்தப் பயிற்சியும் கூடாது.