காலியாகப் போடணும்

எங்கள் தெரு மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது என் கண் தராசில் இருக்காது; சுவரிலுள்ள ஆம்பியர் மீட்டரில்தான் இருக்கும். மில்காரர் ஸ்டார்ட்டர் கைப்பிடியை ஸ்டார் பக்கம் தள்ளியதும் முள் விருட்டென்று எழும்பும், பல்பு ஒரு கணம் மங்கும். பெல்ட் சத்தம் சீரானதும் கைப்பிடியை டெல்டாவுக்கு மாற்றுவார். முள் இன்னொரு துள்ளு துள்ளி அடங்கும். அதற்குப் பிறகுதான் தூக்கிலுள்ள மல்லி தொட்டியில் விழும்.

"முதல்லயே கொட்டிட்டா என்னண்ணே?"

"மோட்டார் உறுமும், எந்திரிக்காது. காயில் கட்ட நீங்களா காசு தருவீங்க?"

லோடு கூடினால் அந்தத் துள்ளலும் கூடும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். தப்பு. நிற்கிற இண்டக்‌ஷன் மோட்டாருக்குத் தன் தலையில் எவ்வளவு சுமை என்று தெரியாது. ரோட்டார் சுழலாத அந்தக் கணத்தில் அது செகண்டரியை ஷார்ட் பண்ணிவிட்ட டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான். காலியோ சுமையோ, முழு லோடு கரண்ட்டைப் போல் சுமார் 5 முதல் 7 மடங்கு இழுக்கும். ஓடும்போது ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும் 10 எச்.பி. மோட்டார், நேரடியாகப் போட்டால் எண்பதைத் தொட்டுவிடும். சுமையால் நீளுவது அந்த நிலை நீடிக்கும் நேரம். காலி மோட்டார் சட்டென்று வேகம் பிடித்து கரண்ட்டை இறக்கிக்கொள்ளும். சுமையோடு திணறுகிற மோட்டார் அங்கேயே நிற்கும். ஆறு மடங்கு கரண்ட் என்றால் காயிலில் 36 மடங்கு சூடு. வார்னிஷ் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஸ்டாரில் போட்டால் லைன் கரண்ட் மூன்றில் ஒன்றாகக் குறையும். இழுவிசையும் மூன்றில் ஒன்றுதான். மல்லியோடு போட்டால் எந்திரிக்காததற்குக் காரணம் இதுதான். வோல்டேஜ் 20 சதவீதம் இறங்கினாலே இழுவிசை 36 சதவீதம் போய்விடும் என்பதால், சாயங்காலம் மின்சாரம் வாடினால் அவர் கைப்பிடியைத் தொடுவதே இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜுக்கும் இதே பாடுதான். கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசரில் அழுத்தம் இறங்கியிருக்காது. முக்கி முக்கிப் பார்த்துவிட்டு 'டக்'கென்று ஓவர்லோடு விட்டுவிடும். ஸ்டெபிலைசர் சில நிமிஷம் காக்க வைப்பது இதற்காகத்தான். அதைத் தண்டம் என்று கழற்றி வைத்தவன் நான். கம்ப்ரசர் மாற்றியபோது புரிந்தது.

போன வாரம் பாதி அரைக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மில்காரர் மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த மல்லியைக் கையால் வழித்து என் தூக்கிலேயே போட ஆரம்பித்தார்.

"அதான் கரண்ட் வந்துருச்சேண்ணே, போடுங்க" என்றார் பின்னால் நின்ற அம்மா.

"இருங்கம்மா."