1.2 யாருக்கு நார்மல்?

முப்பது வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஓர் எண்ணைத் தனியாக நம்பாதே, யாருடைய எண் என்று கேள் என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லிவிட்டு, என் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எனக்கு 54 வயது. ஆறு வருஷத்துக்கு முன், கோவில்பட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பிரஷர் 160/100 என்றார்கள். "பசங்களோட கத்துறீங்கல்ல டீச்சர், அதான்" என்று சிரித்தார் நர்ஸம்மா. நானும் சிரித்தேன். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. அப்போது எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை தீர்ந்தால் பத்து நாள் வாங்காமல் இருப்பேன். நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் முழங்காலுக்கு மட்டும் வலி மாத்திரை தவறாது. மெடிக்கலில் சீட்டுக் கேட்டவர் எவருமில்லை. அந்த மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று தெரிய வந்தபோது நாலு வருஷம் தின்று முடித்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனையும் வருஷா வருஷம் செய்ததுதான். கிரியேட்டினின் 1.1, அடுத்து 1.2, மறுபடி 1.2. பக்கத்திலேயே '0.6 முதல் 1.2 வரை' என்று அச்சிட்டிருக்கும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. ஃபைலில் செருகி பீரோவில் வைத்துவிடுவேன்.

போன சித்திரையில் கணுக்கால் வீங்கியது. பயந்துபோய் மதுரையில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனேன். வீக்கம் நான் போட்ட பிரஷர் மாத்திரையால் வந்தது, சிறுநீரகத்தால் அல்ல என்றார். எழுந்திருக்கப் போனேன். பழைய ரிப்போர்ட்டைப் புரட்டியவர், வயதைக் கேட்டு, செல்போனில் ஏதோ தட்டி என் பக்கம் திருப்பினார். திரையில் 54. வயசைத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். "வயசு இல்லம்மா, இது உங்க கிட்னி வடிகட்டுற அளவு. 60-க்குக் கீழ மூணு மாசத்துக்கு மேல நின்னா வியாதின்னு அர்த்தம்."

அந்தக் கணக்குக்குப் பெயர் இஜிஎஃப்ஆர். கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பது, இந்த மூன்றும் போதும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை அதிகமுள்ள 30 வயது ஆணுக்கு அதே 1.2 இருந்தால் கணக்கு 83 என்று வரும், அவர் பாட்டுக்கு நடையைக் கட்டலாம். எனக்கோ பாதி போன மாதிரி. ஒரே எண், ஒரே எல்லைக்கோடு, இரண்டு வேறு உடம்பு! இப்படி ஒரு கணக்கை என் வகுப்பில் எவனாவது போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். அழுத்தம் தாங்காமல் தழும்பேறிப்போனது மறுபடி முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்கின்றன. கெட்ட சிறுநீரகம் தன் பங்குக்குப் பிரஷரை இன்னும் ஏற்றிவிடுகிறது. இத்தனையும் நடக்கும்போது வலி என்று ஒன்று தெரியாது. ரத்தத்தில் தெரியுமுன்பே பலருக்குச் சிறுநீரில் ஆல்புமின் கசியும். 30-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 210. ஆறு வருஷத்தில் அந்தச் சோதனையை ஒருவரும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. பெரிய காரியம், குறை சொல்ல வாய் வராது. மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சிறுநீர்ச் சோதனையும் கட்டாயம் என்று ஆகட்டும். ஆய்வகங்கள் கிரியேட்டினின் போடுகிற இடத்திலெல்லாம் இஜிஎஃப்ஆரையும் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். கூடுதலாக ஒரு சொட்டு ரத்தம் வேண்டாம். எண்ணைப் பார்த்தால் ஜனங்கள் மிரளுவார்கள் என்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர். மிரளட்டுமே. காலாண்டு மார்க்கைப் பார்த்து மிரண்ட பையன்தான் முழுப்பரீட்சைக்குப் படிப்பான்.

இப்போது மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வலி மாத்திரை நின்றது, ஊறுகாயும் அப்பளமும் நின்றன. போன மாதம் வழக்கமான ஆய்வகத்துக்கே போய், இஜிஎஃப்ஆர் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி நிமிர்ந்தான்.

"அது சாஃப்ட்வேர்லயே இருக்கு டீச்சர். யாரும் கேக்கல, ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம்."