கரியின்றி உருக்கு

ஊதுலையில் இடப்படும் கோக் கரி, வெப்பத்தைத் தருவதோடு நில்லாமல், இரும்புத் தாதுவோடு பிணைந்து கிடக்கும் பிராணவாயுவையும் பிரித்தெடுத்துக் கரியமில வாயுவாக வெளியேறுவதால், ஒரு டன் உருக்குக்கு ஏறக்குறைய 2 டன் அவ்வாயு விளைவது அந்த ரசாயனத்தின் சுபாவமேயன்றி, எவருடைய அஜாக்கிரதையும் அன்று. ஆகவே கரியையே மாற்றியாக வேண்டுமென்று துணிந்து, ஸ்வீடன் தேசத்தின் உருக்காலையும் சுரங்க நிறுவனமும் மின்சார நிறுவனமும் 2016-இல் தொடங்கிய ஹைப்ரிட் என்னும் கூட்டு முயற்சி, வடகோடியிலுள்ள லூலியோ நகரில் 2020-இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஆலையில், தாதுவின்மீது ஹைட்ரஜனைச் செலுத்தியபோது, கரியமில வாயுவுக்குப் பதிலாக வெளிவந்தது நீராவி. அந்த இரும்பினின்றும் பிறந்த உருக்கின் முதற்பகுதி 2021 ஆகஸ்டில் வால்வோ நிறுவனத்தைச் சென்றடைந்தது. தண்ணீரினின்றும் ஹைட்ரஜனைப் பிரிக்க மின்சக்தி ஏராளமாக வேண்டும் என்பதையும், அது நிலக்கரியால் பிறந்த மின்சக்தியாயின் தோஷம் இடம் மாறுமேயன்றித் தீராது என்பதையும் நாம் மறக்கலாகாது. லூலே நதியின் நீர்மின் நிலையங்கள் ஸ்வீடன் தேசத்தாருக்கு வாய்த்த பாக்கியம். எனினும், விலை கூடிய இவ்வுருக்கைத் தயங்காது வாங்கும் கடமை, பாலங்களும் இருப்புப்பாதைகளும் நிர்மாணிக்கும் அரசாங்கங்களையே முதலில் சார்ந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். வாங்குவோர் இல்லையெனில் சோதனை ஆலை சோதனை ஆலையாகவே நின்றுவிடும்.