எந்த லினக்ஸ், எத்தனை காலம்?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாளும் லேப்டாப்புகள் ஓடத்தான் செய்தன. ஆனால் பூட்டு பழுதான வீட்டில் குடியிருப்பது போலத்தான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட பிராசஸர்களையும் கேட்கிறது. 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. நன்றாக இருக்கும் லேப்டாப்பைக் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி, லினக்ஸ்.

வழி ஒன்று, வாசல்கள்தான் ஏராளம். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய அதே கருவைச் சுற்றித்தான் உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. டிஸ்ட்ரோ எனப்படும் இந்தத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் திரை அழகில் மயங்கிவிடுகிறார்கள். அழகை எதிலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது ஆயுள்.

ஃபெடோரா சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். புதுமைப் பிரியர்களுக்குச் சரி. வேலையைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு அலுப்பு. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகள் ஐந்து வருடம் தாங்கும். அதன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸில் பழகிய கைக்கு அது அன்னியமாகவும் தெரியாது.

அடுத்த கேள்வி, பின்னால் நிற்பது யார்? சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை இருக்கும் என்று நம்பி சர்வர்களில் போட்டவர்கள் பலர். 2021 இறுதியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஒரே வருடத்தில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் டெபியனை எந்தத் தனிக் கம்பெனியும் இப்படி இழுத்து மூட முடியாது.

கடைசிப் பரீட்சையை உங்கள் மேஜையிலேயே நடத்தலாம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து லிப்ரே ஆஃபீஸில் ஒரு பக்கமாவது அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே இடறினால் மற்ற பெருமைகளால் பயனில்லை.

எல்லாம் திருப்தி என்றாலும் நகல் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். பழைய கோப்புகள் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவையுங்கள். அது இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், தமிழ் தெரியாது.