வாக்குமூலம் எந்த மொழியில்?

வல்லுறவுக்கு ஆளான பெண்ணொருத்தி பொலிஸ் நிலையப் படியேறுகிறாள். அவள் தமிழிற் சொல்வது சிங்களத்தில் எழுதப்படுகிறது. விளங்காத அந்தத் தாளிலே ஒப்பமிடும்படி பணிக்கப்படுகிறாள். வடக்குக் கிழக்கில் இது புதிய கதையன்று. அதே தாளைக் காட்டித்தான் பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவளைப் பொய்யுரைப்பவள் என்பார். மன்றிலே இதனை நாம் கண்டிருக்கிறோம்.

ஏட்டிலே குறையில்லை! உடலிற் காயமில்லாமையால் அவள் இணங்கினாளென்று கொள்ளலாகாது என்பது 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம். பாதிக்கப்பட்டோருக்கு உதவியும் பாதுகாப்பும் வழங்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதனிடத்தைப் பிறிதொன்று பெற்றது. அரசுடன் தமிழிற் கருமமாற்றும் உரிமையையோ 1988இன் பதினாறாம் திருத்தமே தந்துவிட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ நடைபெறுகிறது. நன்முயற்சிதான்; ஆயின் அப்படியொன்று உண்டென்பதை எமது கிராமத்துத் தாய்மார் எத்தனைபேர் அறிவர்? (‘கற்பழிப்பு’ என்னும் சொல்லை எமது ஏடுகளும் இனிக் கைவிடட்டும். குற்றம் செய்தவனை விட்டு அவளையே சுடுஞ் சொல் அது.)

நாம் கேட்பது பெரிதன்று. தமிழ்ப் பகுதிப் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் இரவிலும் தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருத்தல் வேண்டும்; தமிழில் எழுதி வாசித்துக்காட்டாத வாக்குமூலத்தில் எவளிடமும் ஒப்பம் வாங்கலாகாது.