கேட்பது யார்? தீராத நோயாளியின் கடைசி முடிவு குறித்து எங்கள் நிலைப்பாடு

நோய் தீராது, முடிவு நெருங்கிவிட்டது என்ற நிலையில் இருக்கும் ஒருவர், நினைவு தெளிவாக உள்ளபோதே தன் வாயால் கேட்டால், மருத்துவ உதவியுடன் இறக்கச் சட்டம் அவருக்கு வழிவிட வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். பல மாதம் வாதாடித்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். உறுப்பினர்கள் சிலர் இன்றும் உடன்படவில்லை; அதையும் மறைக்க விரும்பவில்லை.

பத்திரிகைகள் இதைக் 'கருணைக்கொலை' என்றே எழுதுகின்றன. பெயரிலேயே கொலையை வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவது, தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுவதுபோல. அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் கியான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் கிடந்தார். அவருக்காகப் போடப்பட்ட மனு 2011இல் தள்ளுபடியானது. ஆனாலும் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கான வழி அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது.

இதனால் பயன்பெறுபவர் வென்டிலேட்டரில் இருப்பவர். அவரிடம் எடுத்துவிட ஒரு குழாயாவது இருக்கிறது. தொண்டைப் புற்றோடு கூடத்துக் கட்டிலில் கிடப்பவருக்கு நிறுத்துவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. கை, கால், பேச்சு, விழுங்குவது என ஒவ்வொன்றாக இழந்து, அறிவு மட்டும் விழித்திருக்கும் நரம்பு நோயாளிக்கும் அப்படித்தான். அவருக்கு உதவும் மருத்துவர்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆவது பிரிவு பாயலாம். 10 ஆண்டு வரை சிறை.

தலைக்கூத்தலுக்குச் சட்ட முத்திரை குத்தப் பார்க்கிறீர்களா என்று எங்களைக் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் படுத்த படுக்கையான முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பதை மற்ற ஊர்க்காரர்கள் 'பாரம்' படத்தில் பார்த்திருக்கலாம். அங்கே முடிவெடுப்பது மகன், மருமகள், சில சமயம் ஊர். கிடப்பவரைத் தவிர எல்லோரும். செலவு, நிலம், அலுப்பு, நிஜமான பரிவு எல்லாம் ஒரே எண்ணெயில் குழைந்திருக்கும். மருத்துவர் இல்லை, பதிவேடு இல்லை, ஏன் என்று கேட்க ஆளும் இல்லை. நாங்கள் கேட்பது இந்த இருட்டுக்கு நேர்மாறான ஒன்று.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. துறவு வேறு, நோய் வேறு. ஆனால் சாவைத் தானே தேர்வது இந்த மண்ணுக்கு அந்நியம் என்பவர்கள் ஒருமுறை அந்தக் குன்றேறிப் பார்த்துவிட்டு வரலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் உள்ள சட்டமே எங்களுக்கு முன்மாதிரி. ஆறு மாதத்துக்குமேல் தாங்காது என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். நோயாளி வாய்மொழியாக இருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் கேட்க வேண்டும். மருந்தைத் தானே உட்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைச் சாப்பிடுவதே இல்லை. நோய் முந்திக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு, கையில் இருக்கிறது என்ற தெம்பே போதும் என்றிருந்தவர்களும் உண்டு. நெதர்லாந்தைப்போல மருத்துவரே ஊசி போடுவதில் எங்களுக்குள் உடன்பாடு எட்டவில்லை. அதை நாங்கள் கோரவில்லை.

ஓரிகன் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கிவைக்கவும் முடியாது. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்பதுதான் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு கதவோரம் நிற்கும் மகன் சொல்லும் முதல் வார்த்தை. வயிற்றில் புண் என்று அவரிடம் சொல்லிவிடுவார்கள். தன் நோயின் பெயரே தெரியாதவர் எதைக் கேட்பார்? ஆகவே நோயாளியிடம் மருத்துவர் நேரடியாக உண்மையைச் சொல்வது கட்டாயமாக வேண்டும். கோரிக்கையை உறவினர் இல்லாத அறையில் கேட்க வேண்டும். அவர் சொத்தில் பங்குள்ள எவரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. மனம் ஒப்பாத மருத்துவர் விலகிக்கொள்ளலாம்.

வலி நிவாரணமோ இதற்கெல்லாம் முந்தியது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை எட்டாக்கனி ஆக்கியது. 2014 திருத்தம் பிடியைத் தளர்த்தியது. ஆனாலும் மார்ஃபின் கிடைக்காமல் "என்னைக் கொன்னுடுங்க" என்று ஒருவர் அலறினால் அது வலியின் குரல், விண்ணப்பம் ஆகாது. "புள்ளைக்குப் பாரமா இருக்கேன்" என்பதும் அப்படித்தான். அதற்கு முதலில் போய்ச் சேர வேண்டியது ஓய்வூதியமும் செவிலியரும்.

சட்டம் வரும்வரை இருப்பதையாவது பயன்படுத்துவோம். மருத்துவ உயிலுக்கு 2023 ஜனவரி முதல் மாஜிஸ்திரேட் தேவையில்லை. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். அதன் நகலை வாங்கிவைக்கும் அலுவலர் யார் என்பதை ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் தமிழக அரசு பெயரோடு அறிவிக்க வேண்டும். உயில் எழுத விரும்புவோரின் வீட்டுக்கே எங்கள் தன்னார்வலர்கள் வருவார்கள். எழுதும் நேரத்தில் மற்றவர்களைக் கொஞ்சம் வெளித் திண்ணையில் உட்காரச் சொல்வோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.